இரசாயனம் படித்தவர் எழுதிய யாழ்நூல்

சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் நடுவே, முஸ்லிம் ஊர்கள் இரண்டை அயலாகக் கொண்ட காரைதீவில் 1892இல் பிறந்தவர் விபுலாநந்த அடிகள். தமிழறிஞராகவே நாம் அறிந்த அவர், யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் இரசாயனம் கற்பித்தவர். 1920இல் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டம் பெற்றார். மானிப்பாய் இந்துக் கல்லூரி அதிபருமானார். அன்றைய நிலையில் ஓர் ஆசிரியருக்கு அதற்கு மேல் என்ன வேண்டும்? ஆனால் 1922இல் பதவியை விட்டுச் சென்னை இராமகிருஷ்ண மடத்தில் சேர்ந்தார்.

துறவியாகத் திரும்பியவரைப் பள்ளிக்கூடங்கள் விடவில்லை. வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட கல்லடி உப்போடையில் 1929இல் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார்.

விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைக்குத் தமிழ் எதற்கு என்று கேட்கும் பெற்றோர் நம் ஊர்களில் இன்றும் உண்டு. அடிகளோ வழக்கொழிந்த யாழை, நரம்புகளின் நீளத்தையும் சுரங்களையும் கணக்கிட்டே ஆராய்ந்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். யாழ்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதமே அவர் காலமானார்.