சேற்றில் ஓடிய ‘பொன்னிறப் பேய்’!

குட்டி நண்பர்களே, மழை பெய்து சொதசொதவென்று கிடக்கும் மைதானத்தில் ஓடிப் பார்த்திருக்கிறீர்களா? நடந்தாலே கால் வழுக்கும். அந்தச் சேற்றில் உங்களைப் பிடித்துக் கீழே தள்ள 12 பேர் ஓடி வந்தால் என்ன செய்வீர்கள்?

ஒரு சின்ன உருவ இளைஞர், அவர்கள் கையில் சிக்காமல் ஓடி ஒரு பெரிய கோப்பையையே வென்று கொடுத்தார். அவர் பெயர் ஃபிரிட்ஸ் ஹான்சன். கனடா நாட்டுக் கால்பந்தின் புகழ் பெற்ற வீரர்களில் ஒருவர்.

கால்பந்து என்றதும் நாம் ஆடும் கால்பந்தை நினைத்துவிடாதீர்கள். கனடியக் கால்பந்தில் பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடலாம். எதிரணியினர் கட்டிப் பிடித்துச் சாய்ப்பார்கள். அதனால் இந்த ஆட்டத்துக்கு மலை போன்ற உடம்பு வேண்டும் என்று எல்லோரும் நினைப்பார்கள். ஹான்சனின் எடை எவ்வளவு தெரியுமா? சுமார் 65 கிலோதான்!

ஹான்சன் பிறந்தது அமெரிக்காவில். மின்னசோட்டா மாநிலத்தின் பெர்ஹாம் என்ற சிறிய ஊர். பக்கத்து மாநிலமான வடக்கு டகோட்டாவில் கல்லூரியில் படித்தபோதே மின்னல் வேகத்தில் ஓடிப் பெயர் வாங்கினார். அங்கிருந்து வடக்கே, எல்லையைத் தாண்டினால் கனடாவின் வின்னிபெக் நகரம் வந்துவிடும். 1935ஆம் ஆண்டு வின்னிபெக் அணி அவரை அழைத்துக்கொண்டது.

அந்த அணிக்கு அப்போது ஒரு பெரிய மனக்குறை இருந்தது. கனடாவில் இந்த ஆட்டத்துக்கான உயர்ந்த பரிசு ‘கிரே கோப்பை’. 1909ஆம் ஆண்டு தொடங்கிய போட்டி அது. 1921ஆம் ஆண்டு முதல் நாட்டின் மேற்குப் பகுதி அணிகளும் இறுதிப் போட்டிக்கு வந்து மோதின. ஆனால், ஒரு முறைகூட வெற்றி கிடைக்கவில்லை. ரெஜைனா என்ற மேற்கு நகர அணி மட்டும் 7 முறை வந்து, 7 முறையும் தோற்றது. 1923ஆம் ஆண்டு அது தோற்ற கணக்கைக் கேட்டால் உங்களுக்கே பாவமாக இருக்கும். 54-0! மேற்கு அணிகள் என்றாலே கிழக்கில் இளக்காரம்தான்.

1935 டிசம்பர் 7. ஹாமில்டன் நகரில் இறுதிப் போட்டி. எதிரில் அந்த ஊரின் ‘டைகர்ஸ்’ அணி. ஊரும் அவர்களுடையது, ரசிகர்களும் அவர்களுடையவர்கள். மைதானம் நனைந்து சேறாகிக் கிடந்தது. சுமார் 6,400 பேர் பார்க்க வந்திருந்தார்கள்.

வின்னிபெக் அணி தொடக்கத்திலேயே முன்னேறியது. ஆனால், டைகர்ஸ் விடுவார்களா? கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கி வந்தார்கள். மூன்றாவது கால் பகுதியில் கணக்கு 12-10. இரண்டே புள்ளிதான் வித்தியாசம்! இந்த முறையும் கோப்பை கை நழுவிவிடுமோ?

அப்போது ஹாமில்டன் வீரர் பந்தை ஓங்கி உதைத்தார். அதைப் பிடித்தார் ஹான்சன்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். இப்போது இப்படிப் பந்தைப் பிடித்து ஓடுபவருக்கு, அவரது அணியினர் எதிராளிகளை மறித்து வழி செய்து கொடுக்கலாம். அந்த விதி 1975ஆம் ஆண்டுதான் வந்தது. ஹான்சன் காலத்தில் அது கிடையாது. பந்தைப் பிடித்தவர் தன்னந்தனியாகத்தான் தப்பிக்க வேண்டும்.

ஹான்சன் ஓடினார். வளைந்தார், நெளிந்தார், பாய்ந்தார். பிடிக்க வந்தவர்களின் கையில் அகப்படவே இல்லை. 78 கெஜம், அதாவது சுமார் 71 மீட்டர் ஓடி எல்லைக் கோட்டைத் தொட்டுவிட்டார்! அதற்கு அந்தக் காலத்தில் 5 புள்ளிகள். தொடர்ந்து கூடுதல் புள்ளி ஒன்றும் கிடைக்க, கணக்கு 18-10 ஆனது.

அதன் பிறகு டைகர்ஸ் எடுத்தது 2 புள்ளிகள் மட்டுமே. முடிவு 18-12. மேற்குப் பகுதிக்கு முதன்முறையாகக் கிரே கோப்பை கிடைத்தது! எதிரணி உதைத்த பந்துகளைப் பிடித்து, ஹான்சன் அன்று ஓடிய தூரம் மட்டும் 300 கெஜத்துக்கு மேல். பொன்னிற முடியும், கைக்குச் சிக்காத ஓட்டமும் அவருக்கு ‘பொன்னிறப் பேய்’ என்ற செல்லப் பெயரை வாங்கித் தந்தன.

ஆனால், எல்லோருக்கும் இதில் மகிழ்ச்சி இல்லை. அந்த வின்னிபெக் அணியில் அமெரிக்காவிலிருந்து வந்தவர்கள் 9 பேர் இருந்தார்கள். வெளிநாட்டினரை வைத்து ஜெயிப்பதா என்ற கேள்வி எழுந்தது. அடுத்த ஆண்டே புதிதாக வரும் வெளிநாட்டு வீரர்களுக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. சொந்த நாட்டுச் சிறுவர்களுக்கும் ஆட வாய்ப்பு வேண்டும் அல்லவா? அந்தக் கவலையிலும் நியாயம் இருக்கிறது.

ஹான்சனோ ஒரு போட்டியோடு ஊர் திரும்பிவிடவில்லை. வின்னிபெக் அணிக்காக 1939, 1941ஆம் ஆண்டுகளிலும் கோப்பை வென்றார். 1939 இறுதிப் போட்டியில் கணக்கு 8-7. ஒரே ஒரு புள்ளியில் வெற்றி! பிறகு கால்கரி நகர அணியில் சேர்ந்து, 1948ஆம் ஆண்டு நான்காவது முறையாகக் கோப்பையைத் தொட்டார். ஒரு போட்டியில்கூடத் தோற்காமல் அந்த ஆண்டை முடித்தது கால்கரி.

1963ஆம் ஆண்டு கனடியக் கால்பந்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் இடம் பெற்றது. வெளிநாட்டுக்காரராக வந்தவர், கனடாவையே தன் வீடாக்கிக்கொண்டார். கால்கரியில் வாழ்ந்து, 1996 பிப்ரவரி 14 அன்று மறைந்தார்.

நண்பர்களே, உயரமும் எடையும் நம் கையில் இல்லை. பயிற்சி நம் கையில் இருக்கிறது. இனி உங்கள் தெருவில் ஆட்டத்துக்கு ஆள் பிரிக்கும்போது, ஓரமாக நிற்கும் ஒல்லிக்குச்சி நண்பனையும் கூப்பிடுங்கள். யார் கண்டது, அவனும் யார் கையிலும் சிக்காத ஓட்டக்காரனாக இருக்கலாம்!