முப்பது வயதில் மீண்டும் மாணவர்

1905-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 13-ந் தேதி. பாரிஸ் நகரத் தெரு ஒன்றில் இருந்த தபால் பெட்டியில் ஒருவர் சில கடிதங்களைப் போட்டார். பெற்றோருக்கு ஒன்று. நெருங்கிய நண்பர்களுக்குச் சில. தாம் தலைவராக இருந்த மதக் கல்லூரிக்கு ராஜினாமாக் கடிதம் ஒன்று.

கடிதங்களில் இருந்த செய்தி இதுதான்: வருகிற குளிர்காலத்தில் அவர் வைத்தியக் கல்லூரியில் மாணவராகச் சேரப் போகிறார். டாக்டராகி ஆப்பிரிக்காவுக்குப் போகப் போகிறார்.

எழுதியவர் பள்ளிக்கூடம் முடித்த வாலிபர் அல்ல. அவருக்கு வயது முப்பது. தத்துவத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கிறிஸ்தவ மத ஆராய்ச்சியிலும் உயர்ந்த பட்டம் வாங்கியவர். சர்வகலாசாலையில் பாடம் சொல்லிக் கொடுப்பவர். தேவாலயத்தில் பிரசங்கம் செய்பவர். சங்கீதத்திலோ பெரிய பெயர்.

அவர்தான் ஆல்பர்ட் ஷ்வைட்சர்.

பாதிரியார் மகன்

ஷ்வைட்சர் 1875-ம் ஆண்டு ஜனவரி 14-ந் தேதி அல்சேஸ் மாகாணத்தில் கைசர்ஸ்பெர்க் என்ற சிற்றூரில் பிறந்தார். அல்சேஸ் அப்போது ஜெர்மனியின் வசம் இருந்தது. இப்போது அது பிரான்சைச் சேர்ந்தது. தகப்பனார் ஒரு பாதிரியார். குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே குடும்பம் குன்ஸ்பாக் என்ற கிராமத்துக்குக் குடிபோயிற்று.

தேவாலயங்களில் ஆர்கன் என்ற பெரிய வாத்தியம் உண்டு. வரிசை வரிசையாகக் குழாய்கள் இருக்கும். கையாலும் காலாலும் வாசிக்க வேண்டும். எட்டு வயதில், கால் சரியாக எட்டாத பருவத்திலேயே, ஆல்பர்ட் அதை வாசிக்கத் தொடங்கிவிட்டான். ஒன்பது வயதில், வழக்கமாக வாசிப்பவர் வராத நாட்களில் அவருக்குப் பதிலாக உட்கார்ந்தான்.

பதினெட்டு வயதில் ஸ்டிராஸ்பர்க் சர்வகலாசாலையில் சேர்ந்தார். அதே ஆண்டு பாரிசில் விடோர் என்ற பிரபல சங்கீத வித்துவானிடம் சிட்சையும் ஆரம்பமாயிற்று.

ஒரு காலைப் பொழுது

1896-ம் ஆண்டு. விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்தார். வயது இருபத்தொன்று. வெயில் இதமாக அடித்தது. வெளியே பறவைகள் கூவின. படுக்கையில் இருந்தபடியே அவர் யோசித்தார். நல்ல பெற்றோர், நல்ல உடம்பு, விரும்பிய படிப்பு எல்லாம் தமக்குக் கிடைத்திருக்கின்றன. இத்தனையையும் சும்மா வாங்கி வைத்துக் கொள்வது நியாயமா? கஷ்டப்படுகிறவர்களுக்குத் திருப்பி ஏதாவது கொடுக்க வேண்டாமா?

படிப்பை அன்றே உதறிவிட்டுத் தொண்டுக்குக் கிளம்பியிருக்கலாம். அந்த வயதில் பலருக்கு அப்படித்தான் தோன்றும். அவரோ கணக்குப் போட்டார். முப்பது வயது வரை படிப்பும் சங்கீதமும். அதற்குப் பிறகு மனிதர்களுக்கு நேரடியான தொண்டு. என்ன தொண்டு என்பது அன்று அவருக்கே தெரியாது. எழுந்திருப்பதற்குள் தீர்மானம் முடிந்துவிட்டது.

இப்படி நாள் குறிப்பது ஒரு சாக்குத்தான் என்று எண்ணத் தோன்றும். முப்பது வரும்போது பார்த்துக் கொள்ளலாம் என்று தள்ளிப் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஆனால் இவர் அந்த ஒன்பது ஆண்டுகளையும் எப்படிச் செலவழித்தார் என்று பார்த்தால் அந்தச் சந்தேகம் போய்விடும்.

ஆறு ஆண்டு, இரண்டானது

1898-ல் அவருக்கு ஓர் உபகாரச் சம்பளம் கிடைத்தது. ஆண்டுக்கு 1200 மார்க் வீதம் ஆறு ஆண்டுகளுக்கு. ஆறு ஆண்டுக்குள் மத ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிவிட வேண்டும். தவறினால் பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டும்.

முதலில் தத்துவப் பட்டத்தைக் கையில் எடுத்தார். காண்ட் என்ற ஜெர்மன் தத்துவ ஞானியைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரை. பாரிசில் தங்கி எழுதினார். பகலில் சங்கீதம், இரவில் எழுத்து. விடிய விடிய எழுதிவிட்டு, படுக்காமலே காலையில் விடோர் முன் ஆர்கன் வாசிக்கப் போன நாட்களும் உண்டு. 1899-ல் தத்துவ டாக்டர் ஆனார்.

அடுத்த ஆண்டே, 1900-ல், மத ஆராய்ச்சிப் பட்டத்தையும் வாங்கிவிட்டார். ஆறு ஆண்டு அவகாசம் இருந்தும் ஏன் இந்த அவசரம்? அவருக்குப் பின்னால் வேறொரு மாணவர் அந்த உபகாரச் சம்பளத்துக்குக் காத்திருந்தார். தாம் சீக்கிரம் முடித்தால் அவருக்குக் கிடைக்கும் என்பது ஷ்வைட்சரின் எண்ணம். வேடிக்கை என்னவென்றால், அந்த மாணவர் அதைப் பயன்படுத்திக் கொள்ளவே இல்லை. அது முன்பே தெரிந்திருந்தால் நிதானமாக இங்கிலாந்து வரை போய்ப் படித்திருப்பேனே என்று பிற்காலத்தில் ஷ்வைட்சர் வருத்தப்பட்டிருக்கிறார்.

1902-ல் சர்வகலாசாலையில் ஆசிரியர். 1903-ல் மதக் கல்லூரித் தலைவர். 1905-ல் சங்கீத மேதை பாக் பற்றிப் பிரெஞ்சு மொழியில் ஒரு புத்தகம்.

மேஜை மேல் கிடந்த பத்திரிகை

இதற்கிடையில் எந்தத் தொண்டு என்று தேடிக் கொண்டும் இருந்தார். ஸ்டிராஸ்பர்க் அநாதை இல்லம் தீப்பிடித்தபோது சில பையன்களைத் தாம் வைத்துக் கொள்வதாகச் சொன்னார். அதிகாரி ஏற்கவில்லை. சிறையிலிருந்து விடுதலையானவர்களுக்கும், வீடின்றித் திரிகிறவர்களுக்கும் உதவினார். ஒன்றும் மனத்துக்கு நிறைவாக இல்லை.

1904-ம் ஆண்டு இலையுதிர் காலத்தில் ஒருநாள், பாரிஸ் மிஷன் சங்கத்தின் பத்திரிகை அவர் மேஜை மேல் கிடந்தது. ஆப்பிரிக்காவில் காபோன் பிரதேசத்தில் வேலைக்கு ஆள் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. படித்து முடித்தார். தேடல் முடிந்துவிட்டது.

பாதிரியாராகவே போயிருக்கலாம். அதற்கான படிப்பெல்லாம் இருந்தது. ஆனால் எத்தனையோ ஆண்டு வாயால் பேசியாகிவிட்டது, இனிக் கையால் வேலை செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. மேலும் அங்கே டாக்டர் இல்லாமல் ஜனங்கள் துன்பப்படுவதாகக் கேள்விப்பட்டிருந்தார். அதனால் வைத்தியப் படிப்பு. ஆறேழு ஆண்டு ஆகும் என்று தெரிந்தே தீர்மானித்தார்.

கடிதம் கிடைத்ததும் எல்லோரும் பாய்ந்தார்கள். விடோருக்குக் கோபம். துப்பாக்கியைத் தூக்கிக் கொண்டு முன்வரிசைக்குப் போகும் படைத் தலைவன்போல் நடக்கிறாயே என்று கடிந்து கொண்டார். படித்த படிப்பெல்லாம் வீண் என்றார்கள் நண்பர்கள். அவருடைய எண்ணத்தை முன்பே அறிந்து துணை நின்றவர் ஹெலன் பிரெஸ்லவ் என்ற பெண்மணி. சரித்திரப் பேராசிரியர் ஒருவரின் மகள்.

ஆசிரியரா, மாணவரா?

வைத்தியக் கல்லூரித் தலைவரிடம் போய்ச் சேர வேண்டும் என்றார் ஷ்வைட்சர். அவருக்குத் திகைப்பு. இவரை மனநோய் டாக்டரிடம் அனுப்பலாமா என்றுகூட நினைத்தாராம்.

சட்டமும் குறுக்கே நின்றது. சர்வகலாசாலையில் ஆசிரியராக இருப்பவர் அங்கேயே மாணவராகச் சேர முடியாது. விருந்தினராக வகுப்பில் உட்காரலாம், ஆனால் பரீட்சை எழுத முடியாது. கடைசியில் சர்க்கார் ஒரு வழி செய்தது. பேராசிரியர்கள் அத்தாட்சி கொடுத்தால் பரீட்சை எழுதலாம் என்றது. பேராசிரியர்கள் தங்கள் பங்குக்கு, சக ஆசிரியர் என்பதால் சம்பளம் வேண்டாம் என்றார்கள்.

கல்லூரித் தலைவர் பதவியோடு வீடும் போயிற்று. ஒரு நண்பர் வீட்டு மாடியில், கூரையை ஒட்டிய அறைகளில் குடியேறினார். வகுப்பில் பாடம் கேட்பார். வேறு வகுப்பில் பாடம் சொல்வார். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம். நடுநடுவே ரயிலேறிப் பாரிஸ் போய்ச் சங்கீதக் கச்சேரி. தூக்கம் எப்போது என்று கேட்கக்கூடாது!

இளம் வயது ஞாபக சக்தி முப்பதுக்கு மேல் இல்லை. எலும்பின் பெயர்களையும் ரசாயனத்தையும் நெட்டுருப் போடத் திணறினார். பரீட்சைக்கென்றே கேள்வி பதில் படிக்கும் மாணவர் கூட்டத்தில் சேருவது அவருக்குக் கௌரவக் குறைவாகப் பட்டது. கடைசி வாரங்களில் அதிலும் சேர்ந்தார். 1908-ம் ஆண்டு மே மாதம் முதல் கட்டப் பரீட்சையில் தேறினார்.

ஆனால் அவருக்கு ஒரு சந்தோஷமும் இருந்தது. அதுவரை அவர் படித்த துறைகளில் ஒவ்வொன்றுக்கும் வாதம், எதிர்வாதம். யாரும் எதையும் முடிவாக நிரூபிக்க முடியாது. இங்கே கண்ணெதிரே பரிசோதனை. சொன்னது சரியா தவறா என்று தெரிந்துவிடும். காலுக்கடியில் கெட்டித் தரை கிடைத்ததுபோல் இருந்தது அவருக்கு.

1911-ம் ஆண்டு கடைசிப் பரீட்சை. அதற்குக் கட்ட வேண்டிய பணம் எங்கிருந்து வந்தது? ம்யூனிக் நகரில் நடந்த பிரெஞ்சு சங்கீத விழாவில் ஆர்கன் வாசித்தார். சபையில் கோபித்துக் கொண்ட அதே விடோரின் பாட்டு. அந்தச் சன்மானமே பரீட்சைக் கட்டணம் ஆயிற்று. டிசம்பர் 17-ந் தேதி ரண சிகிச்சைப் பரீட்சை முடிந்து வெளியே வந்தார். குளிர்கால இருட்டு. முடிந்துவிட்டது என்பதை அவரால் நம்பவே முடியவில்லை. வயது முப்பத்தாறு.

இன்னும் ஓராண்டு ஆஸ்பத்திரிப் பயிற்சி. வைத்திய டாக்டர் பட்டத்துக்கு மற்றோர் ஆராய்ச்சிக் கட்டுரை. 1912-ம் ஆண்டு ஜூன் மாதம் ஹெலனை மணந்தார். கணவருடன் போவதற்காக ஹெலன் நர்ஸ் பயிற்சி பெற்றிருந்தார்.

வாயைத் திறக்கமாட்டேன்

மிஷன் சங்கமோ யோசித்தது. இவர் எழுதிய மத ஆராய்ச்சிகள் அவர்களுக்குப் பிடிக்கவில்லை. கூடிப் படித்த படிப்பே இப்போது தடையாக வந்தது. குழுவின் முன்னால் வந்து உன் நம்பிக்கையைச் சொல் என்றார்கள். அவர் மறுத்தார். உறுப்பினர்களைத் தனித்தனியாக வீட்டில் போய்ப் பார்த்தார். வைத்தியம் மட்டும் செய்வேன், மீனைப்போல் ஊமையாக இருப்பேன் என்று வாக்குக் கொடுத்தார். பணமும் தாமே திரட்டிக் கொள்வதாகச் சொன்னார். சம்மதித்தார்கள்.

அந்தப் பணத்தைத் திரட்டியதும் பழைய படிப்புத்தான். கச்சேரி வருமானம் ஒரு பக்கம். பிரெஞ்சு, ஜெர்மன், ஆங்கிலம் மூன்று மொழியிலும் வந்துவிட்ட பாக் புத்தகத்தின் வருமானம் ஒரு பக்கம். இருபத்தொரு வயதில் எல்லாவற்றையும் பாதியில் விட்டிருந்தால் எழுபது பெட்டி மருந்தும் சாமானும் கப்பலேறியிருக்குமா என்பது சந்தேகமே.

1913-ம் ஆண்டு மார்ச் மாதம் புறப்பட்டு ஏப்ரல் 16-ந் தேதி லாம்பரேனே போய்ச் சேர்ந்தார்கள். ஒகோவே நதிக்கரையில், காட்டு நடுவே உள்ள இடம் அது. கட்டடம் தயாராகவில்லை. கோழிக் கூண்டாக இருந்த கொட்டகையைச் சுத்தம் செய்து, வெள்ளை அடித்து, அதில் வைத்தியம் ஆரம்பித்தார். மலேரியா, தொழுநோய், தூக்க நோய், சீதபேதி, ஆறாத புண்கள். முதல் ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் வந்தார்கள். இரவில், பாரிஸ் சங்கீத சங்கத்தார் அன்பளிப்பாகக் கொடுத்த பியானோவில் பாக் வாசிப்பார். அதற்கு ஆர்கன் போலவே கால் கட்டைகள் உண்டு.

உலக யுத்தம் வந்தது. ஜெர்மன் பிரஜைகள் என்று கணவனும் மனைவியும் பிரெஞ்சுக்காரர்களிடம் கைதிகள் ஆனார்கள். 1924-ல்தான் ஷ்வைட்சரால் மீண்டும் லாம்பரேனே திரும்ப முடிந்தது.

படிக்க ஆரம்பித்த எல்லாவற்றையும் அவர் முடித்துவிட்டார் என்று சொல்ல முடியாது. புனித பவுலைப் பற்றி 1906-லேயே ஒரு புத்தகம் எழுதத் தொடங்கியிருந்தார். வைத்தியப் படிப்பு நடுவில் வந்தது. பிறகு ஆப்பிரிக்கா வந்தது. புத்தகம் வெளிவந்த ஆண்டு 1930! இந்தியத் தத்துவ ஞானிகளைப் பற்றியும் எழுதினார். 1935-ல் வந்த அந்த நூலில் நம் திருக்குறளைப் போற்றியிருக்கிறார்.

அவரைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆப்பிரிக்கர்களைச் சமமாக நினைக்காமல், தம்பியைப்போல நடத்தினார் என்பது முக்கியமான குறை. அதில் நியாயம் இருக்கிறது. 1952-ம் ஆண்டுக்கான சமாதான நோபல் பரிசுப் பணத்தைத் தொழுநோயாளிகளின் குடியிருப்புக்குச் செலவிட்டார்.

ஹெலன் 1957-ல் காலமானார். ஷ்வைட்சர் 1965-ம் ஆண்டு செப்டம்பர் 4-ந் தேதி, தமது தொண்ணூறாவது வயதில், லாம்பரேனேயில் காலமானார். ஹெலனின் அஸ்தி புதைக்கப்பட்ட அதே ஆஸ்பத்திரி வளவில் அவரும் அடக்கம் செய்யப்பட்டார்.