உடலை முதலாக்கியவர் – சாண்டோ சின்னப்பா தேவர்

சாண்டோ என்பது தமிழ்ப் பெயரன்று. 1867இல் பிரஷ்ய நாட்டில் பிறந்து, தம் உடற்கட்டை மேடையேற்றிக் காட்டியே உலகப் புகழ் எய்திய யூஜின் சாண்டோ என்பாரின் பெயர் அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் இந்தியாவிற்கும் வந்து சென்றார். அதன்பின், மார்பு விரிந்து தோள் திரண்ட இளைஞனைச் சாண்டோ என்று அழைப்பது நம் நாட்டில் வழக்கமாயிற்று. அப்பட்டம் பலருக்குக் கிடைத்தது, நிலைத்தது சிலருக்கே. கொங்கு நாட்டில் அப்பெயரைச் சொன்னவுடன் நினைவுக்கு வருபவர் எம்.எம்.ஏ. சின்னப்பா தேவர்.

கோவை இராமநாதபுரத்தில் 1915ஆம் ஆண்டு ஜூன் 28ஆம் நாள் ஓர் ஏழைக் குடும்பத்தில் அவர் பிறந்தார். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. வறுமை அவரைப் பஞ்சாலைக்கு அனுப்பியது. மாதச் சம்பளம் 9 ரூபாய்! நாளொன்றுக்கு ஐந்தணாவும் தேறாத ஊதியம். பின்னர்ப் பால் விற்றார், அரிசிக் கடை வைத்தார், சோடாவும் விற்றார். பைக்காரா மின்சாரம் 1930களில் கோவைக்கு வந்து ஆலைகள் பெருகிய காலம் அது. ஆலைகள் பெருகின, உழைப்பவன் கூலி அவ்வாறு பெருகவில்லை. அக்கூலியின் எடையை நம் பாட்டன்மாரும் அறிந்திருந்தனர்.

இத்தகைய சூழலில்தான் அவர் நண்பர்களோடு சேர்ந்து வீரமாருதி தேகப்பயிற்சி சாலையை நிறுவினார். உடற்பயிற்சியை முறையாகக் கற்பிக்கச் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி 1920 முதலே இருந்தது. பெங்களூரில் பேராசிரியர் கே.வி. ஐயர் அஞ்சல் வழியாகவே பாடம் நடத்தி வந்தார். ஐந்தாம் வகுப்போடு நின்ற ஆலைத் தொழிலாளிக்கு இவ்வாயில்கள் எட்டாதவை. பார்த்தும் கேட்டும், செய்து பார்த்துமே அவர் கற்றார்.

இங்கே நம் இளைஞர்கள் ஒன்றைக் கருத வேண்டும். நாள் முழுதும் மூட்டை தூக்குபவனுக்கும், மண் வெட்டுபவனுக்கும் உடற்பயிற்சி எதற்கு என்று கேட்பவர் நம்மிடையே உண்டு. உழைப்பு வேறு, பயிற்சி வேறு. உழைப்பு ஒரே உறுப்பை ஒரே வகையில் தேய்க்கிறது. ஓய்வு எப்போது என்பதை மேஸ்திரி முடிவு செய்கிறான். பயிற்சியிலோ தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று உடல் முழுவதற்கும் முறை உண்டு; பளு சிறிது சிறிதாகவே ஏறுகிறது; உண்ணவும் உறங்கவும் கணக்கு உண்டு. பகலில் பிறருக்கு விற்ற உடலை மாலையில் தனக்கென மீட்டுக்கொள்வது எளிதன்று. சின்னப்பா அதைச் செய்தார். பயில்வான் என்றாலே அடிதடிக்காரன் என்று ஊரார் ஐயுற்ற காலத்தில் செய்தார்.

அந்நாளில் கோவை திரைப்படத் தொழிலுக்கும் பெயர்பெற்ற நகரம். சென்ட்ரல் ஸ்டூடியோவும் பட்சிராஜாவும் இங்கேதான் இருந்தன. சண்டைக் காட்சிக்கு உடல்வலி மிக்க ஆள் வேண்டும். சின்னப்பாவின் உடல் அங்கே செலாவணியாயிற்று. ஜூபிடர் நிறுவனத்தின் ‘ராஜகுமாரி’ 1947இல் வெளிவந்தது. எம்.ஜி.ஆர். முதன்முதலாகக் கதாநாயகனான படம் அது. அதில் சண்டைக் காட்சிக்கு வேறொருவரை நிறுவனத்தார் எண்ணியிருந்தபோது, சின்னப்பாவே வேண்டும் என்று எம்.ஜி.ஆர். வற்புறுத்தினார் என்பர். திரையில் நாயகனிடம் அடிபட்டு வீழ்வதே அவ்வேடங்களின் இலக்கணம். எத்தனை வலிமை இருப்பினும் கதைப்படி தோற்றாக வேண்டும்!

அந்நிலையிலேயே அவர் நின்றுவிடவில்லை. 1956இல் தேவர் பிலிம்ஸ் சார்பில் ‘தாய்க்குப்பின் தாரம்’ எடுத்தார். நாயகன் எம்.ஜி.ஆர்.; இயக்குநர் தம் தம்பி எம்.ஏ. திருமுகம். இடையே நண்பர்கள் பிரிந்தனர். 1961இல் ‘தாய் சொல்லைத் தட்டாதே’ அவர்களை மீண்டும் இணைத்தது. 1972இன் ‘நல்ல நேரம்’ வரை எம்.ஜி.ஆரை வைத்து மட்டும் 16 படங்கள் எடுத்தார். 1967இல் ‘தெய்வச்செயல்’ தோற்றபோது அவர் அதைத் தலைமுழுகவில்லை. அதன் கதையையே இந்திக்குக் கொண்டு சென்று 1971இல் ‘ஹாத்தி மேரே சாத்தி’ எடுத்தார். ராஜேஷ் கன்னாவும் யானைகளும் நடித்த அப்படம் நாடெங்கும் ஓடியது. தோற்ற சரக்கை இவ்வாறு வென்ற சரக்காக்கும் துணிவு கல்லூரி வணிகவியலில் கிடைப்பதன்று.

அவரைக் குறை கூறுவோரும் பலர். ஒரே அச்சில் படம் வார்த்தார், விலங்குகளைக் காட்டியே காசு பார்த்தார், முருகனையே வியாபாரப் பங்காளியாக்கினார் என்பன அக்குறைகள். முற்றும் பொய் என்று நாம் வாதாட மாட்டோம். ஆயினும் பேசிய ஊதியத்தை முன்னரே முழுமையாகக் கொடுத்துவிடுவதும், சொன்ன நாளில் படத்தை முடிப்பதும் அவர் வழக்கம். கூலிக்கு அலைந்தவர் கூலியின் அருமையை மறக்கவில்லை என்றே நாம் கொள்கிறோம்.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அவர் நம் சமூகத்தவர் அல்லர்; சாதிக் கொடுமையைச் சாடுவதற்கெனப் படம் எடுத்தவரும் அல்லர். மருதமலை முருகன் திருப்பணிக்கு வாரி வழங்கி, இறைவனைத் தோழன்போல் எண்ணிப் பேசும் உரிமை அவருக்கு இருந்தது. அவருடைய இளமைக் காலத்தில் நம் முன்னோர் பலர் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று கும்பிட்டவர்கள். சென்னை மாகாணத்தில் ஆலய நுழைவுச் சட்டம் 1947இல் வந்தபோது அவர் முப்பது வயதைக் கடந்திருந்தார். வறுமை அவருக்கும் நமக்கும் பொது. தீண்டாமை நமக்கு மட்டுமே உரியதாக இருந்தது. அவர் ஏறிய படிகளை எண்ணும்போது, நமக்கு அவற்றுக்குக் கீழேயும் சில படிகள் இருந்தன என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். அதனால் அவர் உழைப்பின் மதிப்பு குறைந்துவிடாது. நம் கணக்குச் சரியாக இருக்கும், அவ்வளவே.

1978 செப்டம்பர் 8ஆம் நாள், 63ஆம் வயதில் அவர் மறைந்தார். ரஜினிகாந்தை வைத்து அவர் தொடங்கிய ‘தாய் மீது சத்தியம்’ அப்போது வெளிவரவில்லை. மருமகன் ஆர். தியாகராஜன் இயக்கிய அப்படம், அவர் இல்லாமலேயே அவ்வாண்டில் திரைக்கு வந்தது.