ராஜாபாய் கோபுரம் தந்த பிரேம்சந்த் ராய்சந்த்

மும்பை மாநகரின் கோட்டைப் பகுதியில், பல்கலைக்கழக நூலகத்தின்மேல் 280 அடி உயர்ந்து நிற்கும் ராஜாபாய் மணிக்கூண்டைக் கண்டவர் பலர். அப்பெயருக்குரியவர் ஒரு சமண மூதாட்டி என்பதை அறிந்தவர் சிலரே. அவர்தம் மைந்தர் பிரேம்சந்த் ராய்சந்த். பம்பாய் என அந்நாளில் வழங்கிய அவ்வூர் பெருநகராய் வளர்ந்த வரலாற்றில், அதன் ஏற்றத்திலும் வீழ்ச்சியிலும் அவருக்குப் பங்குண்டு.

அவர் 1831இல் சூரத்தில், ஓசவால் மரபில், சுவேதாம்பர நெறி சார்ந்த எளிய வணிகக் குடும்பத்தில் தோன்றினார். தந்தையார் ராய்சந்த் தீப்சந்த் பிழைப்பு நாடிப் பம்பாய்க்குக் குடிபெயர்ந்தார். மகன் அங்கு ஆங்கிலம் பயின்று தரகுத் தொழிலில் இறங்கினார். ஆங்கிலம் எழுதவும் பேசவும் வல்ல இந்தியத் தரகர் அந்நாளில் அரியராதலின், வங்கிகளின் வாயில்கள் அவருக்கு எளிதில் திறந்தன. கணக்கனைத்தையும் தாளில் குறிக்காது நினைவிலேயே வைத்திருந்தார் என்பர்.

1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாநிலத் துறைமுகங்களை வடவர் கடற்படை அடைத்தது. பஞ்சின்றித் தவித்த லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பருத்தியை நாடின; விலை பன்மடங்கு ஏறிற்று. பம்பாயில் பணம் வெள்ளமெனப் பாய்ந்தது. கவர்னர் பார்ட்டில் பிரேயர் பழைய கோட்டைச் சுவர்களை இடிப்பித்து நகருக்கு இடம் வகுத்தார். 1864ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் மக்கள் தொகை 8,16,562. புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்தன. கடலைத் தூர்த்து நிலமாக்க எழுந்த பேக்பே கம்பெனியின் பங்கு, ரூ.5,000 செலுத்தியது, ரூ.50,000க்கும் மேல் விலைபோயிற்று. இத்தனைக்கும் நடுநாயகமாய் இருந்தவர் பிரேம்சந்த். அவர் சொல்லை நம்பிப் பம்பாய் வங்கி, பங்குகளையே ஈடாகக் கொண்டு கடன் வழங்கியது.

இங்கு ஒன்றைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று. இல்லறத்தார்க்கு விதிக்கப்பட்ட ஐந்து அணுவிரதங்களுள் ஐந்தாவது பொருள் வரைதல். இவ்வளவு போதும் எனத் தனக்குத்தானே எல்லை கட்டிக்கொள்வதே அது. அந்நாளைய பம்பாய் அவ்வெல்லையை மறந்தது, பிரேம்சந்தும் மறந்தார். வள்ளல் என்று மட்டும் புகழ்ந்து, அவரை நம்பிப் பொருளிழந்த குடும்பங்களை மறைப்பது வரலாறாகாது.

1865 ஏப்ரலில் போர் ஓய்ந்தது. பருத்தி விலை சரிந்தது. ஜூலை 1, வாக்களித்த தொகைகளைத் தீர்க்க வேண்டிய தவணை நாள். தீர்ப்பாரில்லை. கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாய் வீழ்ந்தன. பம்பாய் வங்கி மூலதனத்தை இழந்து மூடப்பட்டது. அரசு விசாரணைக் குழு அமைத்தது. பிரேம்சந்தும் நொடித்துப்போனார். 1872இல் நகரின் மக்கள் தொகை 6,44,405ஆகக் குறைந்திருந்தது.

எனினும் சரிவுக்கு முந்திய ஆண்டிலேயே அவர் ஒரு பெருந்தொகையைத் தம் உடைமையினின்றும் நீக்கியிருந்தார். 1857இல் தோன்றிய பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற்குத் தனிக் கட்டடம் இல்லாதிருந்தது. 1864இல் நூலகத்திற்கு இரண்டு இலட்சமும், அன்னை ராஜாபாய் பெயரால் மணிக்கூண்டிற்கு இரண்டு இலட்சமும் வழங்கினார். இங்கிலாந்தின் கில்பர்ட் ஸ்காட், பம்பாய்க்கு ஒருமுறையும் வாராமலே வரைபடம் தந்தார். 1869இல் அடிக்கல் நாட்டி, 1878இல் முடித்தனர்.

அன்னை பார்வையிழந்தவர், கதிரவன் மறையுமுன் உண்டு முடிக்க, மணியோசையால் பொழுதறியட்டும் என்றே மகன் அதை எழுப்பினார் என்று வழிவழியாகச் சொல்லப்படுகிறது. பைகுல்லாவிலிருந்த அவர் இல்லத்திற்குச் சில கல் தொலைவு கடந்து ஓசை எட்டியிருக்குமா என வினவலாம். ஆயினும் இரவுண்ணாமையை உயிரெனப் போற்றும் நம் இல்லங்களில் இக்கதை வேர்கொண்டதில் வியப்பில்லை.

வீழ்ந்தபின் அவர் மீண்டும் தரகுத் தொழிலே செய்து, முன்போன்ற ஆரவாரமின்றி வாழ்ந்து, 1906 ஆகஸ்டு 31இல் மறைந்தார். அகமதாபாத்தில் ஆசிரியப் பயிற்சிக் கல்லூரி ஒன்று அவர் பெயர் தாங்கியது. ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு, மணிக்கூண்டினும் இதுவே பெரிதாய்த் தோன்றுகிறது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்திற்கும் இரண்டு இலட்சம் தந்தார். அதன் வருவாயில் அமைந்த பிரேம்சந்த் ராய்சந்த் ஆய்வு உதவித்தொகையைப் பெற்றோருள் அசுதோஷ் முகர்ஜியும், வரலாற்றறிஞர் யதுநாத் சர்க்காரும் அடங்குவர்.