பனிக்கடல் வென்ற பண்பாளர் நான்சென்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி. (விலங்கியல்) மாணவன்

விலங்கியல் படித்து என்ன ஆகப் போகிறாய் என்று எங்கள் ஊரில் என்னைக் கேட்காதவர் இல்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் தலைமுறை நானும் என் பெரியப்பா மகனும்தான். வழிகாட்ட வீட்டில் படித்தவர் எவரும் இல்லாததால், அந்தக் கேள்விக்கு என்னிடம் நெடுநாள் விடை இருந்ததில்லை. சென்ற ஆண்டு நரம்பு மண்டலம் பற்றிய பாடத்துக்காகக் கல்லூரி நூலகத்தில் புத்தகம் தேடிக்கொண்டிருந்தபோது, அட்டை கழன்ற ஒரு வாழ்க்கை வரலாற்று நூல் கையில் அகப்பட்டது. விலங்கியல் மாணவராகத் தொடங்கி, துருவப் பனியைக் கடந்து, தம் தாயகம் விடுதலை பெறத் தூது நடந்து, நாடிழந்த பல்லாயிரம் மக்களுக்கு வாழ்வளித்த ஒருவரின் கதை அது. அவர்தாம் நார்வே நாட்டின் ஃபிரித்யோஃப் நான்சென். அவர் வாழ்வை எழுதப் புகுந்தால், நார்வே, சுவீடன் என்னும் இரு சிறு நாடுகளின் உறவையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கிறது. அந்த உறவே என்னை இக்கட்டுரை எழுதத் தூண்டியது.

இளமையும் கல்வியும்

நான்சென் 1861ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள், இன்று ஓஸ்லோ என வழங்கும் கிறிஸ்தியானியா நகரின் அருகே பிறந்தார். தந்தை வழக்கறிஞர். காடும் பனியும் சூழ்ந்த இடத்தில் வளர்ந்த சிறுவனுக்குப் பனிச்சறுக்கு நடை பழகுவது போல் இயல்பாக வந்தது. பல்கலைக்கழகத்தில் விலங்கியலைத் தேர்ந்தெடுத்தார். 1882இல் சீல் வேட்டைக் கப்பல் ஒன்றில் ஏறி, கிரீன்லாந்துக் கடலில் பல மாதங்கள் உயிரினங்களை ஆராய்ந்தார். அதே ஆண்டில் பெர்கன் நகர அருங்காட்சியகத்தில் பணியில் அமர்ந்தார்.

அக்காலத்தில் நரம்பு செல்களைத் தெளிவாகக் காண்பதே அரிது. இத்தாலி நாட்டின் பாவியா நகரில் காமிலோ கோல்ஜி என்னும் அறிஞர், வெள்ளி உப்பைக் கொண்டு நரம்பு செல்களைக் கறுப்பாகச் சாயமேற்றும் முறையைக் கண்டறிந்திருந்தார். 1886இல் நான்சென் அங்கே சென்று அம்முறையைக் கற்றுவந்தார். கடல்வாழ் தாழ்நிலை விலங்குகளின் நரம்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து, நரம்பு செல்கள் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்த வலையல்ல, தனித்தனி அலகுகள் என்னும் கருத்துக்குத் தொடக்கத்திலேயே வலுச் சேர்த்தவர்களுள் அவரும் ஒருவர். 1888இல் முனைவர் பட்டம் பெற்றார். பட்ட ஆய்வைப் பேராசிரியர்கள் முன் நிலைநாட்டிய சில நாட்களுக்குள் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டுவிட்டார் என்பதை எண்ணும்போது வியப்பு மேலிடுகிறது.

பனியில் பெற்ற புகழ்

கிரீன்லாந்தின் உட்பகுதியை அதுவரை எவரும் குறுக்கே கடந்ததில்லை. சுவீடன் நாட்டில் வாழ்ந்த புகழ்பெற்ற ஆய்வாளர் நோர்டென்ஷெல்டை ஸ்டாக்ஹோமில் சந்தித்து நான்சென் அறிவுரை கேட்டார். நார்வே அரசு பணம் தர மறுத்தது. டென்மார்க் வணிகர் ஒருவர் கொடுத்து உதவினார். மக்கள் வாழாத கிழக்குக் கரையில் தொடங்கி, மக்கள் வாழும் மேற்குக் கரையை நோக்கிச் செல்வதே அவர் திட்டம். திரும்பிவர வழியே வைத்துக்கொள்ளாத திட்டம் அது! ஆறு பேரும் உயிரோடு மறுகரை சேர்ந்தனர். ஊர் திரும்பக் கப்பல் இல்லாமற் போகவே, அக்குளிர்காலம் முழுதும் எஸ்கிமோ மக்களோடு வாழ்ந்து, அவர்தம் தோல்படகு விடும் முறையைக் கற்றார்.

அடுத்தது ஃபிராம் என்னும் கப்பல். பனிக்கட்டிகள் இருபுறமும் நெருக்கும்போது நொறுங்காமல், மேலே வழுக்கி எழும்படி அடிப்பாகம் உருண்டையாக அமைந்த கப்பல் அது. நார்வே நாடாளுமன்றம் பெரும்பங்கு பணம் அளித்தது. சுவீடன், நார்வே இரண்டுக்கும் அரசராயிருந்த இரண்டாம் ஆஸ்காரும் தம் பங்கைத் தந்தார். 1893இல் பதின்மூன்று பேருடன் புறப்பட்ட கப்பல், பனியில் உறைந்து, பனியோடு மிதந்தது. 1895 மார்ச்சில் நான்செனும் யோஹான்சென் என்னும் துணைவரும் நாய்வண்டிகளுடன் கப்பலை விட்டு இறங்கி வடதுருவம் நோக்கி நடந்தனர். ஏப்ரல் 8இல் வடக்கு 86 பாகை 14 கலை வரை சென்றனர். அதுவரை மனிதன் எட்டாத எல்லை அது. அதற்குமேல் செல்வது சாவு என்று உணர்ந்து திரும்பினர். கல்லாலும் தோலாலும் கட்டிய குடிசையில், துருவக் கரடி இறைச்சியைத் தின்று ஒரு குளிர்காலத்தைக் கழித்து, 1896 ஆகஸ்டில் தாயகம் அடைந்தனர். வடதுருவத்தைச் சூழ்ந்திருப்பது ஆழமற்ற கடலன்று, 3,000 மீட்டருக்கும் மேல் ஆழமுள்ள பெருங்கடல் என்பதை உலகுக்குக் காட்டியது அப்பயணம்.

இங்கே நான் ஒரு சிறு செய்தியைச் சொல்லியாக வேண்டும். மிதக்கும் பனி, காற்று வீசும் திசையிலேயே செல்லாமல், சற்று வலப்புறமாக விலகிச் செல்வதை நான்சென் கண்டார். பூமியின் சுழற்சியே காரணம் என ஊகித்தார். இதைக் கணித வழியில் நிறுவியவர் எக்மன் என்னும் இளம் சுவீடன் அறிஞர். அவருக்கு இச்சிக்கலை ஆய்வுப் பொருளாகக் கொடுத்தவர், ஸ்டாக்ஹோமில் ஆசிரியராயிருந்த பியெர்க்னெஸ் என்னும் நார்வேக்காரர். பின்னர் எக்மன், கிறிஸ்தியானியாவில் நான்செனின் மேற்பார்வையில் இயங்கிய பன்னாட்டுக் கடலாய்வுக் கூடத்தில் பணிபுரிந்தார். அவருடைய பெயர்பெற்ற கட்டுரை வெளிவந்த ஆண்டு 1905. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நண்பர்களே!

ஓரரசின் கீழ் இரு நாடுகள்

நார்வே நானூறு ஆண்டுகளுக்கு மேல் டென்மார்க்கோடு இணைந்திருந்த நாடு. நெப்போலியன் போர்களில் தோற்ற டென்மார்க், 1814 ஜனவரியில் கீல் உடன்படிக்கைப்படி நார்வேயைச் சுவீடன் அரசருக்கு விட்டுக்கொடுத்தது. நார்வே மக்கள் இதை ஏற்காமல், மே 17இல் தமக்கென ஓர் அரசியல் சட்டம் இயற்றினர். சிறு போர் ஒன்று மூண்டு முடிந்தபின், தனி நாடாளுமன்றமும் தனிச் சட்டமும் இருக்கும், அரசர் மட்டும் பொது என்ற ஏற்பாட்டில் இரண்டும் இணைந்தன.

இணைப்பால் நன்மையும் விளைந்தது. 1873இல் சுவீடனும் டென்மார்க்கும் தொடங்கிய பொது நாணய ஏற்பாட்டில் 1875இல் நார்வேயும் சேர்ந்தது. ஒரு நாட்டுக் குரோனா மற்றொரு நாட்டிலும் அதே மதிப்பில் செல்லும். 1874ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரு நாட்டுப் பண்டங்கள் பெரும்பாலும் சுங்கமின்றி எல்லை கடந்தன. ஆனால் சுவீடன் தன் உழவையும் தொழிலையும் காக்க இறக்குமதி வரியை உயர்த்திய பிறகு மனக்கசப்பு வளர்ந்து, 1897இல் அச்சட்டம் முடிவுக்கு வந்தது.

பெரிய பிணக்கு தூதரகத்தைப் பற்றியது. நார்வேயின் வணிகக் கப்பல்கள் உலகக் கடல்களெங்கும் ஓடின. அயல்நாட்டுத் துறைமுகத்தில் ஒரு நார்வே மாலுமிக்குத் துன்பம் நேர்ந்தால் அவன் நாட வேண்டியது, சுவீடன் அமைச்சரின் ஆணைக்குட்பட்ட பொதுத் தூதரகத்தை. எங்கள் கப்பலுக்கு எங்கள் தூதர் வேண்டும் என்றது நார்வே. 1905இல் நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை நிறைவேற்றியது. அரசர் ஆஸ்கார் ஒப்புதல் தர மறுத்தார். பெர்கன் நகரக் கப்பல் உரிமையாளரான மிக்கெல்சென் தலைமையிலான அமைச்சரவை பதவி விலகியது. வேறு அமைச்சரவை அமைக்க அரசரால் இயலவில்லை. அரசர் கடமையாற்ற முடியாமற் போனதால் இணைப்பும் இல்லாமற் போயிற்று என்று ஜூன் 7இல் நாடாளுமன்றம் அறிவித்தது.

தூது நடந்த விஞ்ஞானி

நுண்ணோக்கியை வைத்துவிட்டு நான்சென் பேனாவை எடுத்தார். நார்வேயின் நியாயத்தை விளக்கி அயல்நாட்டு ஏடுகளில் எழுதினார், நூலும் வெளியிட்டார். துருவப் பயணத்தால் உலகறிந்த பெயர் அல்லவா? அவர் சொல் எடுபட்டது. ஆகஸ்டில் நடந்த பொது வாக்கெடுப்பில் பிரிவுக்கு ஆதரவாக 3,68,208 வாக்குகளும் எதிராக வெறும் 184 வாக்குகளும் விழுந்தன. வாக்குரிமை பெறாத பெண்கள் தாமே முன்வந்து, ஏறத்தாழ இரண்டரை லட்சம் கையெழுத்துகளைத் திரட்டிக் கொடுத்தனர்.

எனினும் அச்சம் நீங்கவில்லை. இரு நாட்டுப் படைகளும் எல்லையில் திரண்டன. சுவீடனின் கார்ல்ஸ்டாட் நகரில் ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 23 வரை பேச்சு நடந்தது. இருதரப்பும் விட்டுக்கொடுத்தன. நார்வே தான் புதிதாகக் கட்டிய எல்லைக் கோட்டைகளை இடிக்க ஒப்பியது. பழம்பெருமை வாய்ந்த கோட்டைகள் நிற்கச் சுவீடன் ஒப்பியது. எல்லையில் படையில்லாப் பகுதி அமைந்தது. கலைமான் மேய்ப்பவர்களின் மேய்ச்சல் உரிமையும் மறக்கப்படவில்லை. இனி எழும் வழக்குகளைத் தி ஹேக் நகர நடுவர் மன்றத்துக்குக் கொண்டுசெல்வது என்றும் முடிவாயிற்று. சுவீடனுக்குள்ளேயே பிராண்டிங் போன்ற தொழிலாளர் தலைவர்கள் நார்வே மீது படையெடுப்பது கூடாது என்று எதிர்த்து நின்றதையும் நன்றியுடன் குறிப்பிட வேண்டும். அக்டோபரில் அரசர் ஆஸ்கார் நார்வே முடியைத் துறந்தார்.

புதிய நாட்டுக்கு அரசர் யார்? மிக்கெல்சென் வேண்ட, நான்சென் கோபன்ஹேகன் சென்று, டென்மார்க் இளவரசர் கார்லிடம் பேசினார். மக்களைக் கேட்காமல் முடி ஏற்கமாட்டேன் என்றார் இளவரசர். நவம்பரில் மறுபடி வாக்கெடுப்பு நடந்து, பெரும்பான்மையோர் அவரை வேண்டினர். ஹாகோன் என்ற பெயருடன் அவர் நார்வே மண்ணில் கால் வைத்தார். அவருடைய தாயார் சுவீடன் நாட்டு இளவரசி! பிரிந்த பின்னும் உறவு எப்படியெல்லாம் தொடர்கிறது பாருங்கள்.

1906இல் நான்சென் லண்டனில் நார்வேயின் முதல் தூதரானார். 1907இல் பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, ரஷ்யா ஆகிய நான்கு வல்லரசுகளும் நார்வேயின் எல்லையை மதிப்பதாக உடன்படிக்கை செய்தன. பணி முடிந்தது என்று அவர் விலக முனைந்த வேளையில், மனைவி ஏவா நோயுற்ற செய்தி வந்தது. விரைந்து புறப்பட்டும், வீடு சேருமுன் அவர் உயிர் பிரிந்துவிட்டது. நாட்டுக்குத் தூது சென்றவருக்கு வீட்டில் நேர்ந்த இழப்பு இது.

பாரெல்லாம் போற்றிய தொண்டு

முதல் உலகப் போருக்குப் பின் சர்வதேச சங்கம் அவரிடம் பெரும்பணி ஒன்றை ஒப்படைத்தது. ரஷ்யாவிலும் பிற நாடுகளிலும் சிக்கியிருந்த ஏறத்தாழ நாலரை லட்சம் போர்க்கைதிகள் அவர் முயற்சியால் 1922க்குள் ஊர் திரும்பினர். ரஷ்யப் பஞ்சத்தில் மடிந்துகொண்டிருந்தவர்களுக்கு உணவு திரட்டினார். நாடு இழந்து, தாளும் இழந்து அலைந்தவர்களுக்கு ஓர் அடையாளச் சீட்டு வழங்கச் செய்தார். ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் ஏற்ற அச்சீட்டுக்கு நான்சென் கடவுச்சீட்டு என்றே பெயர்.

1922இல் அவருக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. சுவீடனில் பிறந்த ஆல்பிரட் நோபல், மற்றப் பரிசுகளை ஸ்டாக்ஹோமில் வழங்கச் சொன்னவர், அமைதிப் பரிசைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மட்டும் நார்வே நாடாளுமன்றம் அமைக்கும் குழுவிடம் விட்டிருந்தார். இரு நாடுகளும் பிரிந்த பின்னும் அந்த ஏற்பாடு சிறிதும் மாறவில்லை. முந்தைய ஆண்டு, 1921இல், அப்பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள் சுவீடனின் பிராண்டிங்கும் நார்வேயின் லாங்கேயும் ஆவர். பதினாறு ஆண்டுகளுக்கு முன் படை திரட்டி நின்ற இரு நாட்டவர், அமைதிக்காக ஒரே மேடையில் போற்றப்பட்டனர்!

1930 மே 13இல் நான்சென் மறைந்தார். நார்வே அரசியல் சட்டம் பிறந்த திருநாளான மே 17இல் அவருக்கு இறுதி மரியாதை செய்தனர்.

முடிவுரை

1909இல் அவ்விரு நாடுகளுக்கிடையேயான கடல் எல்லை பற்றிய வழக்கு தீர்ப்புக்கு வந்தது. பெரிய இறால் கிடைக்கும் மேடுகள் யாருக்கு என்பதே கேள்வி. தி ஹேக் மன்றம் அவற்றைச் சுவீடனுக்கு என்று தீர்த்தது. நார்வே தலைவணங்கி ஏற்றது. 1914இல் எல்லைக்கோட்டின் மீதே அமைதித் தூண் ஒன்றை இருவரும் எழுப்பினர். இரண்டாம் உலகப் போரில் நார்வேயை ஜெர்மனி பிடித்தபோது, பல்லாயிரம் நார்வே மக்களுக்கு அடைக்கலம் தந்தது சுவீடன். 1954 முதல் ஒரு நாட்டார் மறு நாட்டில் உரிமச்சீட்டின்றி வேலை செய்யலாம். 1949 முதல் நார்வே இருந்துவரும் வட அட்லாண்டிக் கூட்டணியில் 2024இல் சுவீடனும் சேர்ந்தது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்? தாத்தா காலமானபின் எங்கள் வீட்டிலும் பாகப்பிரிவினை நடந்தது. நிலத்தைப் பங்கிட்டார்கள், கிணறு ஒன்றுதான். யாருக்கு எந்த நாள் தண்ணீர் முறை என்பதில் என் தந்தைக்கும் பெரியப்பாவுக்கும் மூண்ட பிணக்கு இன்னும் தீரவில்லை. அவர் மகனும் இதே கல்லூரியில் வணிகவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். ஒரே பேருந்தில் வருகிறோம். மூன்று ஆண்டுகளாகப் பேசுவதில்லை.

என் தந்தைக்குப் படிக்கத் தெரியாது. கார்ல்ஸ்டாட் கதையை ஓரிரவு அவருக்குச் சொன்னேன். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, கட்டிய கோட்டையை முதலில் இடித்தது யார் என்று மட்டும் கேட்டார். நார்வே என்றேன். அதனால் நார்வே தாழ்ந்து போயிற்றா என்று கேட்டார். இல்லை என்றேன்.

பிரிவது பாவமன்று, பிரிந்தபின் பகைத்திருப்பதே பாவம். விலங்கியல் படித்து என்ன ஆகலாம் என்ற கேள்விக்கு நான்செனின் வாழ்வில் எனக்கு விடை கிடைத்தது. நல்ல மனிதன் ஆகலாம். இந்த ஆண்டு மலர் எல்லா மாணவர் கைக்கும் செல்லும். என் பெரியப்பா மகன் கைக்கும் செல்லும். அவன் இதைப் படித்து முடிக்கும் நாளில், மாலைப் பேருந்தில் என் பக்கத்து இடத்தை அவனுக்காகப் பிடித்து வைத்திருப்பேன்.