முதல் ஊசியில் ஒண்ணும் ஆகல... 2வது ஊசியில் மரணம்! யார் இந்த சார்லஸ் ரிஷே?

உடம்பிலிருந்து ஒரு சொட்டு ரத்தம்கூட வெளியேறல. இதயமும் துடிச்சிட்டுதான் இருக்கு. ஆனாலும் சில நிமிஷத்துல பிபி சரிந்து உயிரே போகலாம். இது எப்படி? இந்தப் புதிருக்கு வாசல் திறந்தவர்தான் பிரான்ஸ் விஞ்ஞானி சார்லஸ் ரிஷே.

கப்பலில் தொடங்கிய கதை

1850 ஆகஸ்டில் பாரிஸில் பிறந்தவர் ரிஷே. அப்பா அறுவை சிகிச்சை நிபுணர். மகன் 1887-ல் பாரிஸ் மருத்துவக் கல்விப் புலத்தில் உடலியங்கியல் பேராசிரியர் ஆனார்.

1901-ல் மொனாகோ இளவரசர் முதலாம் ஆல்பர்ட்டின் கப்பலில் அட்லாண்டிக் பயணம். கூடவே சக விஞ்ஞானி பால் போர்ட்டியே. ஜெல்லி மீன் மாதிரி மிதக்கும் ‘போர்ச்சுகீஸ் மேன் ஆஃப் வார்’ உயிரினத்தின் விஷத்தை ஆராய்வதுதான் திட்டம். பாரிஸ் திரும்பியதும் அது கிடைக்கல. அதனால கடல் சாமந்தியின் விஷத்தை வைத்து ஆய்வைத் தொடர்ந்தார்கள்.

நெப்டியூனுக்கு என்ன ஆச்சு?

கொஞ்சமா விஷம் கொடுத்தால், தடுப்பூசி மாதிரி உடம்பு பழகிக்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு. நெப்டியூன் என்ற நாய்க்கு ஊசி போட்டார்கள். பெருசா பாதிப்பு இல்ல. சுமார் 3 வாரம் கழித்து அதே அளவில் மறுபடியும் ஊசி. சில நொடிகளில் மூச்சுத் திணறல், வாந்தி. 25 நிமிஷத்தில் நெப்டியூன் இறந்துபோனது.

பாதுகாப்பு கிடைக்கும்னு நினைத்தால், நடந்தது அப்படியே தலைகீழ்! அதனால பாதுகாப்புக்கு எதிரானது என்ற பொருளில் 1902-ல் ‘அனாஃபிலாக்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 1913-ல் ரிஷேவுக்கு மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உடம்புக்குள்ள என்ன நடக்குது?

முதல் தடவை வந்த பொருளை உடம்பு எதிரியா குறிச்சு வைக்குது. அடுத்த தடவை வந்ததும் ஹிஸ்டமின் போன்ற ரசாயனங்களைக் கொட்டுது. ரத்தக் குழாய்கள் விரியும், நீர் கசியும். டேங்க்ல தண்ணி அதே அளவுதான். ஆனா பைப் எல்லாம் திடீர்னு அகலமாகி ஒழுக ஆரம்பிச்சா மாடிக் குழாய்க்குத் தண்ணி ஏறுமா? அதே மாதிரிதான், மூளைக்கும் இதயத்துக்கும் போதுமான ரத்தம் போய்ச் சேராது. டாக்டர்கள் இதை ‘டிஸ்ட்ரிபியூட்டிவ் ஷாக்’ என்கிறார்கள். கடுமையான நோய்த்தொற்றில் வரும் செப்டிக் ஷாக்கும் இதே வகைதான்.

மறுபக்கமும் உண்டு

ஆவி உலக ஆராய்ச்சியிலும் ரிஷே மூழ்கினார். மனிதர்களில் உயர்ந்த இனம், தாழ்ந்த இனம் உண்டு என்ற தவறான கருத்தையும் பரப்பினார். 1935 டிசம்பர் 4-ல் பாரிஸில் காலமானார்.

நமக்கு என்ன பாடம்?

போன தடவை தேனீ கொட்டியப்போ ஒண்ணும் ஆகலையே, அந்த மாத்திரை ஒத்துக்கிச்சேன்னு அலட்சியம் வேண்டாம். உடம்பெல்லாம் தடிப்பு, முகம் வீக்கம், மூச்சுத் திணறல், மயக்கம் வந்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க. தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அதுவரை படுக்க வைத்து காலை உயர்த்துங்க. மூச்சுத் திணறினால் உட்கார வைக்கலாம். எழுந்து நடக்க மட்டும் விடாதீங்க.