தொப்பி ஊசியால கார் ரிப்பேர் பார்த்த பெர்த்தா பென்ஸ்!

கார் ஹீட்டரைப் போட்டா குளிர்காத்துதான் வருதா? பெட்ரோல், டீசல் கார்னா முதல்ல கூலன்ட் அளவைப் பாருங்க. இன்ஜின் நல்லா ஆறின பிறகுதான். சூட்டோட மூடியைத் திறந்தா கை வெந்துரும். இன்ஜின் சூட்டைச் சுமந்துட்டு வர்ற அந்தத் தண்ணிதான் உங்களுக்குக் கதகதப்பு. அது குறைஞ்சாலோ, குழாய்ல காத்து அடைச்சாலோ, தெர்மோஸ்டாட் திறந்தபடியே மாட்டிக்கிட்டாலோ சூடு உள்ளே வராது.

ஹீட்டரே இல்லாத காலத்துல, வழியெல்லாம் இந்தத் தண்ணியோடு மல்லுக்கட்டினவர் பெர்த்தா பென்ஸ்.

ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைமில் 1849-ல் பிறந்தவர். கார்ல் பென்ஸைக் கல்யாணம் பண்றதுக்கு முன்னாடியே தன் சீதனப் பணத்தை அவரோட தொழிலில் போட்டவர். 1886-ல் கார்ல் தன் மூணு சக்கர மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை வாங்கிட்டார். வண்டியை வாங்கத்தான் ஆள் இல்லை. போட்ட பணம் அப்படியே முடங்கிக் கிடந்தது.

1888 ஆகஸ்ட்ல ஒரு விடியக்காலை, கணவர்கிட்ட சொல்லாமலே வண்டியைக் கிளப்பிட்டார் பெர்த்தா. கூட 15 வயசு ஓய்கன், 13 வயசு ரிச்சர்ட். மன்ஹைம்ல இருந்து ஃபோர்ட்ஸ்ஹைமில் இருந்த அம்மா வீட்டுக்கு, நூறு கிலோமீட்டருக்கும் மேல. நடுவழியில் நின்னா ஊரே சிரிக்கும். அப்புறம் யார் வாங்குவா?

அந்த இன்ஜின்ல தண்ணி கொதிச்சு ஆவியாப் போயிட்டே இருக்கும். அதனால, தண்ணி கிடைச்ச இடத்துல எல்லாம் நிறுத்தி ஊத்தணும். எரிபொருள் தீர்ந்தப்போ, வீஸ்லோக் ஊர் மருந்துக்கடையில் லிக்ராயின் வாங்கினார். கறை நீக்க விற்கிற திரவம் அது. அந்த வண்டிக்கு அதுதான் பெட்ரோல். எரிபொருள் குழாய் அடைச்சுக்கிச்சா, தொப்பி ஊசியை விட்டுக் குத்தினார். இக்னிஷன் வயர் தேஞ்சுபோச்சா, காலுறையைக் கட்டுற பட்டியைச் சுத்தினார் (மெக்கானிக் நம்பர் எல்லாம் ஏது!). மரக்கட்டை பிரேக் தேய, செருப்பு தைப்பவரிடம் தோல் வெச்சு அடிக்கச் சொன்னார். மேடு வந்தா இறங்கித் தள்ளணும்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்து, கணவருக்குத் தந்தி அடிச்சார். சில நாள்ல அதே வண்டியிலேயே வீடு திரும்பினார். மேடு ஏற இன்னொரு கியர் வேணும்னு அவர் சொன்னதைக் கேட்டு, கார்ல் அதைச் சேர்த்தார்.

1944 மே 3, பெர்த்தாவின் 95-வது பிறந்தநாள். கார்ல் படிச்ச கார்ல்ஸ்ரூஹ தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் அன்னிக்குத்தான் அவருக்கு கௌரவ செனட்டர் பட்டம் கொடுத்தது. ரெண்டே நாள்ல இறந்துபோனார்.